அளவே மருந்து



எனக்கு ஊர் உத்திரமேரூர். ஊரின் பெயரைச் சொன்னவுடன் சரித்திரம் படிப்போருக்கு நினைவில் எழுவது குடவோலை முறை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலே, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட சாசனங்களைப் பற்றி நீங்கள் பாடப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அந்தக் கல்வெட்டுக்குப் பின்னர் வருகிறேன். அதற்கு முன்பாக, எங்கள் பக்கத்தில் வேலியோரங்களில், தண்ணீர் ஊற்றுவார் இன்றியே பூத்து நிற்கும் ஒரு செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நித்தியகல்யாணி என்பது அதன் பெயர். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஐந்து இதழ் கொண்ட பூ. சுடுகாட்டு மல்லி என்று சொல்லி இதை வீட்டில் வளர்க்கத் தயங்குவோரும் உண்டு. ஆடும் மாடும் இதன் இலையை நெருங்குவதில்லை. காரணம், இலையிலே நஞ்சு இருக்கிறது. அந்த நஞ்சைத்தான் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து மருந்தாக்கினார்கள். 1958-ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இச்செடியிலிருந்து வின்பிளாஸ்டின் என்னும் பொருளைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அதன் உடன்பிறப்பாகிய வின்கிரிஸ்டின் 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மருந்தாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைப் பிழைக்க வைக்கும் மருந்துகளுள் இது முக்கியமானது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு வேளைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் இதைத் தருவதில்லை. ஓர் அரிசி மணியின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அது. அந்தத் துளி உயிரைக் காக்கும். அளவு மீறினாலோ, செல்ல வேண்டிய வழி மாறினாலோ, அதே துளி உயிரைப் பறிக்கும்.

இன்று நான் பேச வந்த விஷயம் இதுதான். மருத்துவமனைகளில் புற்றுநோய்க்கு அளிக்கப்படும் வேதிச் சிகிச்சையில், மக்கள் வழக்கில் கீமோ என்று சொல்லப்படும் அந்தச் சிகிச்சையில், மருந்து மாறாமலும் அளவு தவறாமலும் காப்பது எவ்வாறு? நான் பல ஆண்டுகள் செவிலியாகப் பணி செய்து ஓய்வு பெற்றவள். ஆகவே இதை ஏட்டுப் படிப்பைக் கொண்டு மட்டும் பேசவில்லை.

புற்றுநோய் என்பது உடலின் அணுக்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகுவதால் வருவது. வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்கி அழிப்பது வேதிச் சிகிச்சையின் வேலை. ஆனால் நம் உடலில் வேகமாகப் பெருகும் நல்ல அணுக்களும் இருக்கின்றன. எலும்பு மச்சையில் இரத்த அணுக்களை உண்டாக்குபவை, குடலின் உட்பூச்சு, மயிர்க்கால் ஆகியவை அப்படிப்பட்டவை. மருந்து இவற்றையும் தாக்குகிறது. அதனால்தான் முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைகின்றன. காய்ச்சல் மாத்திரையில் ஒன்று கூடினாலும் பெரும்பாலும் உடல் தாங்கிக்கொள்ளும். இந்த மருந்துகளில் அப்படியன்று. நோயைத் தீர்க்கும் அளவுக்கும் நோயாளியைத் தீர்த்துவிடும் அளவுக்கும் இடையே உள்ள வரப்பு மிகக் குறுகியது. அந்த வரப்பின்மீது நடந்துதான் மருத்துவர்கள் லட்சக்கணக்கானோரைக் கரை சேர்த்திருக்கிறார்கள்.

இந்த வரலாற்றில் நம் பகுதிக்கும் பங்குண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் ஆந்திர இளைஞர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்பு அமெரிக்கா சென்றார். அங்கே லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழுவினர் உருவாக்கிய அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொண்டுதான், பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிவதை 1948-இல் உலகுக்கு அறிவித்தார். அதே குடும்பத்தைச் சேர்ந்த மெதோட்ரெக்சேட் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றியது. தொடக்கத்தில் அங்கே இருந்தவை 12 படுக்கைகளே. அடுத்த ஆண்டில் அங்கு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும் வரை தம் வாழ்நாளை அதற்கே அளித்தார். காஞ்சிபுரத்தில் பிறந்து, முதலமைச்சராக இருக்கும்போதே 1969-இல் புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரால், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசினர் புற்றுநோய் மருத்துவமனை நடைபெறுகிறது. எங்கள் ஊரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் பேருந்து ஏறிச் சிகிச்சைக்குச் செல்வோர் பலர். ஆகவே இது எங்கோ தொலைவில் நடக்கும் காரியம் அன்று. உங்கள் தெருவில் ஒரு வீட்டின் கவலை.

மருந்தின் அளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதைச் சொன்னால் மாணவர்களுக்குச் சுவையாக இருக்கும். பெரும்பாலான கீமோ மருந்துகளை ஆளின் எடையைக் கொண்டு மட்டும் நிர்ணயிப்பதில்லை. உடலின் மேற்பரப்பைக் கொண்டு நிர்ணயிக்கிறார்கள். உயரத்தைச் சென்டிமீட்டரிலும் எடையைக் கிலோகிராமிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். ஒரு தாயாரின் உயரம் 150 சென்டிமீட்டர், எடை 54 கிலோ என்று கொள்வோம். பெருக்கினால் 8100. 3600-ஆல் வகுத்தால் 2.25. அதன் வர்க்கமூலம் 1.5. ஆகவே அவருடைய உடற்பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டர். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாக்சோரூபிசின் என்னும் மருந்து ஒரு சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் என்று திட்டமிட்டிருந்தால், இவருக்கு 90 மில்லிகிராம். அடுத்த முறை அவர் இளைத்து 48 கிலோவாக வந்தால், கணக்கு ஏறத்தாழ 85 மில்லிகிராம் ஆகிறது. எடையை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பது எதற்காக என்பது இப்போது விளங்கும். பழைய எடையைப் பார்த்து எழுதுவது பழைய வினாத்தாளுக்குப் புதிய தேர்வில் விடை எழுதுவது போன்றது.

இவ்வளவு சிறிய கணக்கில் பிழை எங்கே வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். கணக்கில் வருவதைக் காட்டிலும், கணக்குக்கு முன்னும் பின்னும் வருகிறது. அதற்கு என் கதையையே சொல்கிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு இருக்கும். அப்போது நான் ஒரு மருத்துவமனையின் கீமோ பிரிவில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணிக்குள் நாற்காலிகள் எல்லாம் நிரம்பிவிட்டன. விடியுமுன்பே ஊரைவிட்டுப் புறப்பட்டவர்கள் சோர்ந்து சாய்ந்திருந்தார்கள். அன்று வந்தவர்களில் இருவருக்கு ஒரே பெயர், ஒரே தலைப்பெழுத்து, வயதும் கிட்டத்தட்ட ஒன்று. ஒருவருக்கு டாக்சோரூபிசின். அது செந்நிறமானது, ஆகையால் எல்லோரும் அதைச் சிவப்பு மருந்து என்றே சொல்வார்கள். மற்றவருக்கு வேறு மருந்து, நிறமற்றது. நான் சிவப்பு மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு நாற்காலியின் அருகே நின்று, பெயரைச் சொல்லி, "நீங்கதானே அம்மா?" என்று கேட்டேன். அந்த அம்மாள் கண்ணைத் திறந்து தலையை அசைத்தார்.

இரண்டாவது செவிலி ஒருவர் வந்து என்னோடு சேர்ந்து சரிபார்த்த பிறகே மருந்தை ஏற்ற வேண்டும் என்பது விதி. அவர் அப்போது வேறொரு நோயாளிக்கு வாந்தி வந்ததால் அங்கே நின்றுகொண்டிருந்தார். 'கையெழுத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்' என்று நினைத்தேன். அன்றைக்கு நான் செய்த குற்றம் அந்த ஒரு நினைப்புத்தான்.

அந்த அம்மாளின் பக்கத்தில் அவருடைய மகள் இருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண். பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்திருந்தாள். அவள் எழுந்து நின்று, "சிஸ்டர், எங்கம்மாவுக்குச் சிவப்பு மருந்து நாலு தடவை முடிஞ்சுபோச்சு. இனிமே வேற மருந்துன்னு டாக்டர் சொன்னார். இதோ எழுதி வெச்சிருக்கேன்" என்றாள். பயந்துதான் சொன்னாள். பெரியவர்களை எதிர்த்துப் பேசிவிட்டோமோ என்று அவள் கை நடுங்கியது. என் கை அதைவிட அதிகமாக நடுங்கியது.

டாக்சோரூபிசின் இதயத்தைத் தாக்கக்கூடிய மருந்து. ஆகையால் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதிலும் இவ்வளவுதான் பெறலாம் என்று அதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வளவு கணக்குப் பார்த்து அளிக்க வேண்டிய ஒன்றை, ஆள் மாற்றி அளிக்க இருந்தேன். ஒரு சிறுமியின் நோட்டுப் புத்தகம் அந்தத் தாயாரையும் காப்பாற்றியது, என்னையும் காப்பாற்றியது.

அன்று மாலை தலைமைச் செவிலியிடம் சென்று, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "யார் செய்தது என்று எனக்கு வேண்டாம், எப்படி நேர்ந்தது என்று எழுதிக் கொடு" என்றார். அவ்வாறே எழுதினேன். எழுத எழுத எனக்கே ஒன்று புலப்பட்டது. நான் கவனமற்றவள் அல்லள். அதற்கு முன்பு ஆயிரக்கணக்கான முறை சரியாக மருந்து ஏற்றியவள். ஆனால் கவனம் என்பது மனிதனுக்குள் எப்போதும் ஒரே அளவில் எரியும் விளக்கு அன்று. பசி, தூக்கமின்மை, இரைச்சல், அவசரம் ஆகிய எந்தக் காற்றிலும் அது ஆடும். விளக்கு ஆடும்போதும் வழி தவறாதிருக்க வேண்டுமானால், ஒருவர் தவறினால் மற்றவர் பிடிக்கும்படியாக வேலையையே அமைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த விடுமுறையில் ஊருக்கு வந்தேன். சிறு வயது முதல் எத்தனையோ முறை கடந்து சென்ற வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரின்முன் நின்றேன். அந்தச் சாசனத்தின் பொருளை விளக்கும் நூலொன்றை அப்போதுதான் ஊன்றிப் படித்திருந்தேன். குடவோலையில் சீட்டு எடுக்கும் முறையை அது எவ்வளவு நுணுக்கமாக விதிக்கிறது, பாருங்கள். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட வேண்டும். ஊரிலுள்ள நம்பிமார் அனைவரும் மண்டபத்தில் அமர்ந்திருக்க வேண்டும். அவர்களுள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக்கொண்டு ஓலையை எடுப்பிக்க வேண்டும். அதை மத்தியஸ்தன் தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கிய ஓலையை அவன் உரக்கப் படிக்க வேண்டும். அவன் படித்ததோடு முடிந்ததா என்றால் இல்லை. அங்குள்ள நம்பிமார் அனைவரும் அந்த ஓலையை மீண்டும் படிக்க வேண்டும். அதன் பிறகே அந்தப் பெயர் எழுதிக்கொள்ளப்படும்.

அந்தச் சபையிலே நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கு மட்டுமே இடமிருந்தது. பெண்களுக்கும் ஊரின் ஏனையோருக்கும் இடமில்லை. அதைப் பெருமையாகச் சொல்வதற்கில்லை. ஆயினும் அவர்கள் வகுத்த முறையில் ஓர் அறிவு இருக்கிறது. மத்தியஸ்தன் நேர்மையானவனா என்னும் கேள்வியை அவர்கள் எழுப்பவில்லை. நேர்மையானவனாகவே இருக்கட்டும், ஆயினும் அவன் விரல்கள் விரிந்திருக்கட்டும், அவன் படித்ததை மற்றவர்களும் படிக்கட்டும் என்றார்கள். அது அவனுக்கு அவமானம் அன்று. அவன் மீது பழி வராமல் காப்பது. அந்தச் சுவரின்முன் நின்றபோது, நான் தனியாக நின்று படித்த ஓலை என் நினைவுக்கு வந்தது.

ஒருவர் படிப்பதை மற்றவர் படிக்காமல் விட்டதால் நேர்ந்த துயரங்களை உலகம் கண்டிருக்கிறது. 1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், டானா ஃபார்பர் நிலையம் என்னும் புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவமனையில் நடந்தது ஒன்று. முன்பு நான் சொன்ன சிட்னி ஃபார்பரின் பெயர் தாங்கிய நிலையம் அது. பெட்ஸி லேமன் என்னும் பத்திரிகையாளர் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தார். உடல்நலம் பற்றியே நாளிதழில் எழுதி வந்தவர்; வயது 39. அவருக்குச் சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்தை நான்கு நாள்களில் பிரித்துத் தர வேண்டும். நான்கு நாள்களுக்கும் சேர்த்த மொத்த அளவு சீட்டில் எழுதப்பட்டிருந்தது. அந்த மொத்தமே ஒவ்வொரு நாளைக்கும் உரிய அளவு என்று கொள்ளப்பட்டது. நான்கு மடங்கு மருந்து அவர் உடலில் சென்றது. டிசம்பர் 3-ஆம் நாள் அவர் மறைந்தார். பல படித்த கைகள் வழியாகத்தான் அந்த மருந்து சென்றது, ஒருவரும் தடுக்கவில்லை. மாதங்கள் கழித்து, ஆவணங்களை வழக்கம்போல் சரிபார்த்தபோதுதான் தவறு வெளிப்பட்டது. அதன் பின்னர் அந்த நிலையமும் பிற மருத்துவமனைகளும் தங்கள் முறைகளை அடியோடு திருத்திக்கொண்டன. எல்லை மீறிய அளவைக் கணினியே தடுத்து நிறுத்தும் ஏற்பாடுகள் பரவின.

மற்றொன்று 2001-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் நடந்தது. இரத்தப் புற்றுநோயிலிருந்து தேறி வந்த 18 வயது இளைஞர் ஒருவருக்கு இரண்டு மருந்துகள் தர வேண்டியிருந்தது. ஒன்று முதுகுத் தண்டைச் சூழ்ந்த நீரிலே செலுத்த வேண்டியது. மற்றொன்று நம் நித்தியகல்யாணியின் வின்கிரிஸ்டின். அது இரத்தக் குழாயில் மட்டுமே செல்ல வேண்டியது. அது முதுகுத் தண்டில் செலுத்தப்பட்டது. ஒரு மாதத்திற்குள் அவர் இறந்தார். விசாரணை செய்தவர்கள் ஒரு பெரிய குற்றத்தை அங்கே காணவில்லை. பல சிறிய தளர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருந்ததைக் கண்டார்கள். இரு மருந்துகளும் ஒரே வேளையில், ஒரே மாதிரியான ஊசிக்குழலில், ஒரே இடத்திற்கு வந்திருந்தன.

இதற்கு உலகம் கண்ட பரிகாரம் எளியது. வின்கிரிஸ்டினை ஊசிக்குழலில் நிரப்பாதீர்கள். சிறிய பையில் நீர்த்த கரைசலாக ஊற்றித் தொங்கவிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் எச்சரித்தது. பையிலுள்ள திரவத்தை முதுகுத் தண்டில் ஏற்றலாம் என்று எவருக்கும் தோன்றாது. கையில் எடுத்தாலே, 'இது இரத்தக் குழாய்க்கு' என்று பையே சொல்லிவிடும். முதுகுத் தண்டு ஊசியில் மற்றக் குழல்கள் பொருந்தாதபடி இணைப்பு முனையையே வேறு வடிவில் செய்யும் முறையும் வந்திருக்கிறது. 'கவனமாக இரு' என்று சுவரில் எழுதி ஒட்டுவதைக் காட்டிலும், தவறு செய்ய வழியே இல்லாமல் பொருளை அமைப்பது மேலானது.

மருத்துவமனைகளில் இன்று கைக்கொள்ளப்படும் காப்பு முறைகளில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கேட்கும் முறை. நோயாளியிடம் பெயரைச் சொல்லி, "நீங்கள்தானே?" என்று கேட்கலாகாது. சோர்ந்தவர் எதற்கும் தலையசைப்பார். "உங்கள் பெயர் என்ன? பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு, அவர் வாயால் வரும் விடையைக் கைப்பட்டையிலும் சீட்டிலும் ஒத்துப் பார்க்க வேண்டும். நான் செய்த தவறு இந்த இடத்தில்தான் தொடங்கியது.

இரண்டாவது, இருவர் தனித்தனியே பார்த்தல். 'தனித்தனியே' என்னும் சொல்லை அடிக்கோடிடுங்கள். ஒருவர் போட்ட கணக்கைப் பார்த்துவிட்டு, "சரிதான்" என்று மற்றவர் சொல்வது சரிபார்ப்பு ஆகாது. பக்கத்து மாணவன் விடையைப் பார்த்து எழுதிவிட்டு, இருவர் விடையும் ஒன்றாக இருக்கிறது என்று மகிழ்வது போன்றது அது. உயரத்தையும் எடையையும் கொண்டு இரண்டாமவர் தாமே கணக்கிட்டு, பிறகு ஒப்பிட வேண்டும். கையெழுத்து என்பது சோதனை நடந்ததற்குச் சான்று; கையெழுத்தே சோதனை அன்று.

மூன்றாவது, எழுதும் முறை. 5 மில்லிகிராம் என்பதை 5.0 என்று எழுதினால், புள்ளி மங்கி 50 ஆகிவிடும். அரை மில்லிகிராமைப் புள்ளி 5 என்று மட்டும் எழுதினால், அது 5 ஆகிவிடும். ஆகவே முழு எண்ணுக்குப் பின்னே புள்ளியும் பூஜ்யமும் வேண்டா. பின்னத்துக்கு முன்னே பூஜ்யம் கட்டாயம் வேண்டும். ஒரு புள்ளியின் பிழை பத்து மடங்கு. மருந்தின் பெயரையும் சுருக்கி எழுதலாகாது. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின், சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் என்று இவற்றின் பெயர்கள் இரட்டைப் பிள்ளைகள் போல் இருக்கின்றன, அளவுகளோ முற்றிலும் வேறு. ஒன்றன் அளவில் மற்றொன்றைத் தந்தால் உயிருக்கே ஆபத்து.

நான்காவது, நாளைக் குறித்தல். சுப்பாராவ் குழுவினர் தந்த மெதோட்ரெக்சேட்டைச் சில நோய்களுக்கு, மூட்டுவாதத்திற்கும்கூட, சிறு அளவில் வாரத்துக்கு ஒருமுறை விழுங்கத் தருகிறார்கள். அதைத் தினந்தோறும் விழுங்கி உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. மாத்திரை என்றாலே தினமும் உண்பது என்பது நம் பழக்கம். ஆகையால் 'வாரம் ஒருமுறை' என்பதோடு நில்லாமல், 'திங்கட்கிழமை மட்டும்' என்று கிழமையையும் சீட்டில் எழுத வேண்டும். நோயாளியைத் திரும்பச் சொல்லச் சொல்லியும் கேட்க வேண்டும்.

ஐந்தாவதும் முடிவானதும், கணக்குக் காட்டுதல். எங்கள் ஊர்க் கல்வெட்டு ஒன்றைத் திட்டமாகச் சொல்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமற் போனவருக்கு மறுபடி குடத்தில் ஓலை இல்லை. மருத்துவமனையிலும் அவ்வாறே. நேர்ந்த தவறையும், நேர இருந்து தப்பிய தவறையும் எழுதிக் காட்டுவதே அங்கே கணக்கு. உண்மையைச் சொன்னவனைத் தண்டித்தால், அடுத்தவன் மறைப்பான். மறைந்த தவறு வேறொரு நாளில் வேறொரு நோயாளியிடம் திரும்பி வரும். நான் எழுதிக் கொடுத்ததன் பயனாக எங்கள் பிரிவில் ஒரு புதிய வழக்கம் வந்தது. ஒரே பெயருடைய இருவர் ஒரே நாளில் வந்தால், இருவர் சீட்டிலும் 'பெயர் ஒற்றுமை' என்று பெரிய எழுத்தில் எழுதி, இருவரையும் வெவ்வேறு வரிசைகளில் அமர்த்தினார்கள். செலவு ஒரு பேனாவின் மை.

2017-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், தீங்கில்லாத மருந்து என்பதை உலகத்தின் முன் ஒரு சவாலாகவே வைத்தது. 2019 முதல் செப்டம்பர் 17-ஆம் நாள் நோயாளிப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆயினும் இவையெல்லாம் மருத்துவர்கள் காரியம், நமக்கென்ன என்று நீங்கள் இருந்துவிடலாகாது. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தின் உறுப்புகளாக நால்வரை எண்ணுகிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து உதவுபவரையும் சேர்க்கிறது. உங்கள் வீட்டில் ஒருவர் சிகிச்சைக்குப் போகும்போது, அந்த நான்காம் இடம் உங்களுடையது.

அதற்குப் பெரிய படிப்பு வேண்டா. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, அன்றைய எடை, மருந்தின் பெயர், இது எத்தனையாவது முறை, மருந்தின் நிறம், பின்பு கண்ட தொல்லைகள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஒவ்வாமை உண்டானால் அதை முதற்பக்கத்திலேயே எழுதுங்கள். வீட்டில் வேறு மாத்திரைகளோ நாட்டு மருந்தோ உட்கொண்டால், அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் வேறுபாடு கண்டால், பணிவோடு, ஆனால் தயங்காமல், கேளுங்கள். "ஏன் மாறியிருக்கிறது?" என்ற கேள்வி மரியாதைக் குறைவு அன்று. நல்ல செவிலி அதற்கு நன்றி சொல்வாள். விடை சரியாகவே இருந்தால், நஷ்டம் அரை நிமிடம்.

உங்களில் சிலர் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் மருந்தாளுநராகவும் வரப்போகிறீர்கள். வேறு சிலர் கணினியிலே இந்தக் கணக்குகளை எழுதப் போகிறீர்கள். அப்போது, எதிரில் நிற்கும் ஒரு சிறு பெண் நோட்டுப் புத்தகத்தைக் காட்டி ஏதோ சொல்ல வந்தால், கையில் உள்ளதைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். நான் அன்று கேட்டேன் என்பது ஒன்றுதான், என் பணிக்காலம் முழுவதிலும் நான் நிச்சயமாகச் சரியாகச் செய்தேன் என்று சொல்லக்கூடிய காரியம்.

அந்தத் தாயார் சிகிச்சை முடிந்து ஊர் திரும்பினார். கடைசி முறை வந்தபோது, நான் மருந்துப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "உங்கள் பெயர் என்ன அம்மா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "இத்தனை நாள் பழகியும் என் பெயர் தெரியாதா சிஸ்டர்?" என்றார். "தெரியும் அம்மா. ஆனாலும் நீங்களே சொல்லுங்கள்" என்றேன். அவர் சொன்னார். பக்கத்தில் நின்ற இரண்டாவது செவிலி அதைச் சீட்டில் பார்த்து உரக்கப் படித்தார். மகளும் தன் நோட்டுப் புத்தகத்தில் பார்த்துப் படித்தாள். அதன் பிறகே மருந்தை ஏற்றினோம்.